பொங்கப்படி வந்தால் கையெழுத்து

அக்டோபர் 12, ஞாயிறு

வீடு கிடைத்துவிட்டது! பாளையங்கோட்டையிலேயே, பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில். இரண்டு அறை, ஓர் அடுக்களை, பின்னால் கிணறு, முன்னால் கிழக்கு பார்த்த மண் முற்றம். முற்றத்தைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை. மழைக்கு ஒழுகுமா, குழாயில் தண்ணீர் வருமா என்றெல்லாம் இவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். இப்போது இருக்கிற மாடி வீட்டில் தரையெல்லாம் டைல்ஸ். கறுத்துப்போகும் என்று வீட்டுக்காரம்மா பொங்கலுக்குக்கூட வெளியே அடுப்பு மூட்ட விடுவதில்லை. கேஸ் அடுப்பில் குக்கரை ஏற்றி, விசில் வந்ததும் நானும் இவரும் "பொங்கலோ பொங்கல்" சொல்லிக்கொள்கிறோம். அதுவும் மெதுவாக. விளையாட்டு டீச்சர் நான், என் தொண்டைக்கு இது அடுக்குமா? வருகிற தைப்பொங்கலுக்கு இந்த முற்றத்தில் காவி பூசிய மண் பொங்கக்கட்டி மூன்றையும் அடுப்பாக வைத்து, பனையோலை எரித்து, சூரியனுக்கு நேரே பானை ஏற்றுவேன். நான் போடுகிற குலவையில் தெரு எழுந்திருக்க வேண்டும்.

"வீடு பாக்க வந்தியா, அடுப்புக்கு எடம் பாக்க வந்தியா?" என்றார் இவர். கண்டக்டர் அல்லவா, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறக்கிவிட மாட்டார்.

விற்கிறவர் மாசிலாமணி அண்ணாச்சி. மார்க்கெட் பக்கம் மாவு மில் வைத்திருக்கிறார். இது அவருடைய அப்பா பெரியசாமி கட்டிய வீடு. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தம்பி கதிரேசனுக்குத் தூத்துக்குடியில் வேலை. ஆளுக்கொரு வீடு இருப்பதால் இதைக் கொடுக்கிறார்கள். "நாங்க ரெண்டு பேருதான் டீச்சர், ஒரு வில்லங்கமும் கெடையாது" என்றார் அண்ணாச்சி. இவர் உடனே அட்வான்ஸ் கொடுக்கப் பையைத் திறந்தார். நான் திறந்த பையை மூடினேன். முதலில் வக்கீல், பிறகுதான் மற்றதெல்லாம்.

அக்டோபர் 16, வியாழன்

வக்கீல் ஆசீர்வாதம் சாரிடம் போனோம். "அட்வான்ஸ் குடுக்காமலா வந்திய? அப்பம் ஒங்களுக்கு டீ சொல்லலாம்" என்றார். டீ வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"மூலப்பத்திரம் ஒரிஜினல் பாக்கணும். ஜெராக்ஸக் காட்டுனா கையில வாங்காதிய. முப்பது வருசத்துக்கு வில்லங்கச் சான்று போடணும், அடமானம் கெடக்கான்னு அதுலதான் தெரியும். பட்டா யாரு பேர்ல இருக்கு? தீர்வை கட்டியிருக்காவளா? பத்திரத்துல உள்ள அளவும் தரையில உள்ள அளவும் ஒண்ணுதானா? பெரியவரு உயில் எழுதினாரா?"

"உயில் இல்லையாம் சார்."

"அப்பம் வாரிசுச் சான்று கண்டிப்பா வேணும். தாலுகா ஆபீஸ்ல வாங்கித் தரச் சொல்லுங்க."

"இம்புட்டும் பாத்தா யாரு சார் வீடு வாங்க முடியும்?"

"இதெல்லாம் பாக்காம வாங்குனவங்கதான் டீச்சர் பொறவு எங்கிட்ட வாராவ."

அடுத்து என்னையே பிடித்துக்கொண்டார். ஆதார் அட்டையில் நான் வே. உலகம்மாள். இவர் பெயர் வேலாயுதம். பான் கார்டில் சி. உலகம்மாள். அது எங்கள் அப்பா சிதம்பரம். "ரெண்டு உலகம்மாள்ல எந்த உலகம்மாள் வீடு வாங்குதாவ?" என்றார். "சண்டை போடுதவ வே., சமையல் பண்ணுதவ சி." என்று இவர் குறுக்கே விழுந்து பதில் சொன்னார். அதையும் வக்கீல் சார் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். பத்திரத்தில் 'வே. உலகம்மாள் என்கிற சி. உலகம்மாள்' என்று போட்டுவிடுவாராம்.

மார்கழியில் பத்திரம் போட அண்ணாச்சி ஒத்துக்கொள்ள மாட்டார். அதனால் கார்த்திகைக்குள் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தைக்குத் தள்ளிப்போகும். பிறகு இந்த வருஷமும் குக்கர்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. அதிரசம் கல்லாகிவிட்டது. வாரிசுச் சான்று எங்கே என்று அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "எழுதிக் குடுத்திருக்கு டீச்சர், வந்துரும்" என்றார். குரலில் தெம்பே இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

மழை. மைதானம் குளம். வாரிசுச் சான்று வரவில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

பத்திரத்து அளவும் தரையளவும் ஒன்றா என்று வக்கீல் சார் கேட்டிருந்தாரே, பள்ளிக்கூடத்தில் நீளம் தாண்டுதலை அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போய் நானே அளந்தேன். ஒரு முனையை அண்ணாச்சி பிடித்தார், மறுமுனையைத் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த கதிரேசன் பிடித்தார். "டேப்பு தொய்யுது, இழுத்துப் பிடிங்க!" என்று நான் ஒரு விசில் அடித்ததில் பக்கத்து வீட்டு நாய் ஓடிவிட்டது. அளவு சரியாகவே இருக்கிறது.

பிறகு அடுக்களைப் பரணை எட்டிப் பார்த்தேன். மூலையில் ஒரு பித்தளைக் குத்துப்போணி. இறக்கி முந்தானையால் துடைத்தால் கழுத்தில் பெயர் வெட்டியிருக்கிறது. பெ. சொர்ணம்.

பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற முறை எனக்குத் தெரியாதா? பிறந்த வீட்டில் கொடுக்கிற பாத்திரத்தில் அப்பாவின் எழுத்துதான் முன்னால் நிற்கும். பெ. என்றால் பெரியசாமி. அப்படியானால் சொர்ணம் யார்?

"அது பழசு டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"எங்க தங்கச்சி" என்றார் கதிரேசன், அதே நேரத்தில்.

அண்ணாச்சி தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "இப்ப அவங்க இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"சேச்சே, அம்பாசமுத்திரத்துல நல்லாத்தான் இருக்கா. தையல் கடை வச்சிருக்கா" என்றார் கதிரேசன்.

"அப்புறம் எதுக்கு ரெண்டு பேருதான்னு சொன்னிய?"

"அவளா மாப்பிள்ள பாத்துக்கிட்டுப் போனவதான டீச்சர். பொட்டப்பிள்ளையக் கெட்டிக் குடுத்தாலே கணக்குல சேக்க மாட்டோம். இவ கெட்டிக் குடுக்காமலே போனவ" என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது. என்ன சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை. வாரிசுச் சான்று ஏன் வரவில்லை என்று இப்போது விளங்கிவிட்டது. தங்கச்சி பெயரை எழுதுவதா விடுவதா என்று தெரியாமல் அண்ணாச்சி மனுவே கொடுக்கவில்லையாம்.

நவம்பர் 5, புதன்

வக்கீல் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்பா சம்பாதிச்ச சொத்து. உயில் எழுதாமப் போயிட்டாரு. மகன், மகள் எல்லாருக்கும் சரிபங்கு. யாரக் கெட்டுனா, எப்படிக் கெட்டுனாங்கிறதெல்லாம் சட்டத்துக்கு வேண்டாத வேலை. அந்தம்மா கையெழுத்து இல்லாம வாங்குனா ஒங்களுக்கு மூணுல ரெண்டு பங்குதான் டீச்சர். அடுப்ப எந்தப் பங்குல வைப்பிய?"

ஒன்று, அந்தம்மாவும் விற்கிறவர்களில் ஒருவராகக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். அல்லது தன் பங்கு வேண்டாம் என்று அண்ணன்மாருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

வேறு வீடு பார்ப்போம் என்றார் இவர். இரவு அவருக்கு ரசம் மட்டும்தான் ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்து, "அம்பாசமுத்திரத்துக்கு என்னைக்குப் போறோம்?" என்று கேட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

சொர்ணம் என்னைவிட நாலைந்து வயது இளையவள். வாசலிலேயே தையல் மிஷின். வாய் நிறைய ஊசியும் குண்டூசியும் வைத்துக்கொண்டே பேசுகிறாள். நான் யாரென்று சொன்னதும் ஊசிகளைத் துப்பிவிட்டுச் சிரித்தாள், அப்படியொரு சிரிப்பு. "எங்க வீட்ட வாங்குதியளா? கெணத்தடியில கருவேப்பிலை நிக்கா?" என்று கேட்டாள். நிற்கிறது என்றேன். உடனே உட்காரவைத்துச் சோறு போட்டாள். மாப்பிள்ளை தங்கமான மனுஷர், பரிமாறிவிட்டுப் பந்தலுக்குத் துணி தைக்கப் போய்விட்டார்.

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"பங்கு சட்டப்படி எவ்வளவோ அத வாங்கிக்கிடுவேன் டீச்சர். விட்டுக்குடுக்க நான் ஒண்ணும் தியாகி இல்ல. ஆனா அது போதாது. பொங்கப்படி வரணும்."

பொங்கப்படி தெரியாத ஆள் எங்கள் பக்கம் இல்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருஷா வருஷம் பொங்கலுக்குக் கொண்டுபோகிற வரிசை. பச்சரிசி, மண்டைவெல்லம், கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு, காய்கறி, பானை. சொர்ணத்துக்கு ஒரு வருஷம்கூட வந்ததில்லை.

"ரெண்டு அண்ணனும் தலைச்சுமையாத் தூக்கிட்டு வந்து இந்த வாசல்ல எறக்கணும். தெரு பாக்கணும். ஒவ்வொரு வருசமும் கேப்பாளுக, ஒனக்கு வந்துட்டா வந்துட்டான்னு. நானே கரும்பு வாங்கிட்டு வந்து, அண்ணன் பஸ்ல போட்டு விட்டான்னு சொல்லுவேன். இனிமே என்னால சொல்ல முடியாது. பொங்கப்படி வந்தா கையெழுத்து."

நானெல்லாம் அப்படிப் பொய் சொல்வதில்லை. என்னிடம் யாராவது கேட்டால், கண்டக்டர் வீட்டுக்குக் கரும்பு டிக்கெட் எடுக்காமலே வந்துவிடும் என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் ஒற்றைப் பிள்ளை. அப்பா இருந்தவரை தென்காசியிலிருந்து கொண்டுவந்தார். இப்போது இவர் வாங்கிவருகிறார். நல்ல கரும்புதான்.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் தூங்கவில்லை.

நவம்பர் 12, புதன்

பள்ளி விட்டதும் மாவு மில்லுக்குப் போனேன். அண்ணாச்சி முகம், இமை எல்லாம் வெள்ளையாக இருந்தார். செய்தியைச் சொன்னேன்.

"போனவ அவதான. அவ வரட்டும்."

"கார்த்திகை முடிஞ்சா ஒங்களுக்கும் பத்திரம் கெடையாது, எனக்கும் பொங்கல் கெடையாது. நல்லா யோசிங்க."

அவர் எழுந்து மிளகாய் மிஷின் பக்கம் போய் எதையோ தேடுகிற மாதிரி நின்றார். அந்த மிஷினுக்குப் பின்னால் சுவரோடு சுவராகக் கரும்புக்கட்டுகள். காய்ந்து சருகாகி, ஒன்றன்மேல் ஒன்றாக. அடுப்புக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மிஷினை நிறுத்தினார்.

"வருசா வருசம் வாங்கத்தான் செய்யுதேன் டீச்சர். பஸ் ஸ்டாண்டு மட்டும் கொண்டு போவேன். அம்பாசமுத்திரம் பஸ் வரும். அப்பா இருந்தமட்டும் அவருக்குப் பயந்தேன். அவரு போனதும் அவளுக்குப் பயந்தேன். என்ன மொகத்தோட போயி நிக்கது?"

தொண்டையில் மாவுத் தூசி என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

இவரிடம் சொன்னதும், "அம்பாசமுத்திரம் வழியாப் போற பாபநாசம் வண்டி நம்ம வண்டிதான். என்னைக்காவது ஏறியிருந்தா லக்கேஜுக்கு டிக்கெட்டே போட்டிருக்க மாட்டனே" என்றார்.

நவம்பர் 15, சனி

வக்கீல் சாரிடம் கேட்டேன். "பொங்கப்படிக்கு சட்டத்துல செக்‌ஷன் இல்ல டீச்சர். தடையும் இல்ல" என்றார். மில்லுக்கு ஓடிப்போய் அதைச் சொன்னேன். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டார். இ-சேவை மையத்தில் தாலுகா ஆபீசுக்கு மூன்று பெயரையும் எழுதி மனு கொடுத்துவிட்டு வந்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

கார்த்திகையில் பொங்கப்படிக்குச் சாமான் தேடிய முட்டாள்கள் உலகத்தில் நாங்கள் நாலு பேராகத்தான் இருப்போம். மார்க்கெட்டில் கரும்பு கேட்டால் ஜூஸ் கடையைக் காட்டுகிறார்கள். பனங்கிழங்கு கேட்டபோது ஒரு பாட்டியம்மா, "இப்பத்தான் கொட்டையே பொதைச்சிருக்கு, தோண்டிப் பாத்துச் சொல்லவா?" என்றாள். கடைசியில் கதிரேசனுக்குத் தெரிந்தவர் வயலில் ஆளுயரம்கூட வளராத கரும்பைக் கெஞ்சி வாங்கினோம். மஞ்சள் செடி கிடைத்தது. குலை பிஞ்சு, இலை மட்டும் ஜோர். பனங்கிழங்குக்குப் பதிலாகச் சேப்பங்கிழங்கு. அண்ணாச்சி தானே மில்லில் பச்சரிசியைப் புடைத்தார். வெண்கலப்பானை வாங்கிப் பெயர் வெட்டக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் வெட்டி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

எழுதத் தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் கரும்பும் மஞ்சளும் ஏறியபோது பஸ்ஸே எங்களைப் பார்த்துச் சிரித்தது. தெருமுனையில் இறங்கினோம். அண்ணாச்சி தலையில் அரிசி நிறைந்த ஓலைக் கடகம், கதிரேசன் தலையில் பானையும் காயும், தோளில் கரும்பு. நானும் இவரும் கொஞ்சம் பின்னால் நடந்தோம். அது அவர்கள் வரிசை, நாங்கள் கூட்டம்.

"ஏ சொர்ணம், கார்த்திகையிலயேவா பொங்கல்?" என்று ஓர் அம்மா திகைத்துப்போய்க் கேட்டாள்.

சொர்ணம் வாசலுக்கு வந்தாள். வாயில் ஊசி இல்லை. "எங்க அண்ணமாருக்கு அவசரம்க்கா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

அண்ணாச்சி வாசலில் நின்றார். சுமையை இறக்கத் தெரியவில்லை. கடகம் தலையில் ஆடியது. அவள்தான் எட்டிப் பிடித்து இறக்கினாள். பானையைத் திருப்பி, தன் பெயர்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு கரும்பை ஒடித்துக் கடித்தாள்.

"சப்புன்னு இருக்கு" என்றாள். அதோடு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சியும் அழுதார். கதிரேசன் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார். நான்தான் குலவை போட்டேன். யாராவது போட வேண்டுமே. தெருப் பெண்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

கையெழுத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நானும் மறந்துபோனேன். பஸ் ஏறிய பிறகு இவர்தான் ஞாபகப்படுத்தினார்.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். வாரிசுச் சான்று வந்துவிட்டது. மூன்று பெயர். மூன்றாவது பெயரை அண்ணாச்சி எனக்குப் போனில் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

டிசம்பர் 10, புதன்

நாளைக்குப் பத்திரம். வக்கீல் சார் ஆபீசில் எல்லாரும் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தோம். நான்கு எல்லை சரி, கிணறு சரி. டைப் அடித்த பெண் விற்கிறவர்கள் மூன்று பேரையும் பெ., பெ., பெ. என்று அடித்த வேகத்தில் வாங்குகிற என்னையும் பெ. உலகம்மாள் ஆக்கிவிட்டாள்.

"நான் என்ன அந்த வீட்டுப் பிள்ளையா?" என்று கத்தினேன்.

"இருந்தா என்ன?" என்றாள் சொர்ணம்.

எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்காதிய, ஒரு எழுத்து மாறிப் பதிவாயிட்டா பொறவு பிழைத்திருத்தல் பத்திரம் போடணும்" என்றார் வக்கீல் சார். அந்தப் பக்கத்தை மாற்றி அடித்த பிறகுதான் எழுந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

பதிவு ஆபீஸ். டோக்கன், போட்டோ, விரல்ரேகை. ஊசி குத்திக் குத்திச் சொர்ணத்தின் விரலில் ரேகை எளிதில் விழவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தாள். விழுந்ததும் நான் அடித்த விசிலுக்கு ஆபீசர் எழுந்து நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

வீடு என்னுடையது. என்னுடையது. என்னுடையது.

டிசம்பர் 14, ஞாயிறு

பால் காய்ச்சினோம். சொர்ணம் முதல் நாளே வந்து கருவேப்பிலையைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். பரணில் இருந்த குத்துப்போணியைக் கையில் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "எப்ப வேணும்னாலும் வா" என்றேன். "நான் வாரது இருக்கட்டும்" என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஜனவரி 10, சனி

பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "டீச்சர், பொங்கப்படி வந்துட்டா?" என்று கேட்டாள். கண்டக்டர் வீட்டுக் கரும்பைச் சொன்னேன். சிரித்தாள். புது வீடு, புதுத் தெரு, அதே பதில். பொங்கக்கட்டிக்குக் காவி பூசிக் காயவைத்திருக்கிறேன். அலுமினியச் சிலுவர் பானை ஒன்று விளக்கி வைத்தாயிற்று.

ஜனவரி 14, புதன்

வெள்ளையடித்த கையோடு வாசலுக்கு வந்தால் மாசிலாமணி அண்ணாச்சியும் கதிரேசனும். ஆட்டோவை முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். நான் அவர்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ஈ.பி. பேர் மாத்த கையெழுத்து வேணுமா? தண்ணீர் வரி ரசீதா? நான்தான் எல்லாம் குடுத்துட்டேனே" என்று படபடவென்று கேட்டுக்கொண்டே போனேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் தலையைப் பார்த்தேன்.

கடகத்தில் பச்சரிசி. தோளில் கரும்பு, இந்தத் தடவை மதிலைவிட உயரம். மஞ்சள்குலை, பனங்கிழங்கு, புது வெண்கலப்பானை ஒன்று.

"அம்பாசமுத்திரத்துல ஒண்ணு எறக்கிட்டு வாரோம் டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "எங்க வீட்டு முத்தத்துல பொங்க வைக்கவ எங்க வீட்டுப் பிள்ளைதான, அங்கயும் கொண்டு போகணும்னு சொர்ணம் சொல்லிட்டா. அவ சொல்லலேன்னாலும் வந்திருப்போம்."

பிடித்து இறக்க எனக்குக் கை வரவில்லை. சொர்ணத்தின் வாசலில் அவரை ஆடவிட்டு வேடிக்கை பார்த்தேனே, இன்றைக்கு நான் அப்படி நின்றேன். இவர் ஓடிவந்து இறக்கினார்.

பக்கத்து வீட்டம்மாவை நானே கூப்பிட்டேன். "இங்க வாங்க, பொங்கப்படி வந்திருக்கு!"

பிறகு உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அப்பா தென்காசி பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இருந்தது.

வெண்கலப்பானையின் கழுத்தில் பெ. உலகம்மாள் என்று வெட்டியிருக்கிறது. "எழுத்து தப்பா விழுந்திருக்கே அண்ணாச்சி" என்றேன்.

"தப்பு இல்ல. பக்கத்துல நின்னு பாத்துத்தான் வெட்டச் சொன்னேன்."

ஜனவரி 15, வியாழன்

பொங்கிவிட்டது! என் முற்றத்தில், சூரியனுக்கு நேரே, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. சிலுவர் பானை அடுக்களையிலேயே இருக்கிறது. குலவை போட்டதில் இன்னும் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது.

ஆதாரில் வே., பான் கார்டில் சி., பானையில் பெ. பிழைத்திருத்தல் பத்திரம் போடுவதாக இல்லை.